கேட்பது யார், அருகில் நிற்பது யார்? சமூக ஆய்வில் நேர்காணல் முறை

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடைபெற்ற ஒரு வழக்கில் நாங்கள் பாதிக்கப்பட்டோர் தரப்பில் துணைநின்றோம். கோயில் திருவிழாவையொட்டிக் காலனிக்குள் புகுந்து வீடுகளைத் தாக்கிய வழக்கு அது. முதன்மைச் சாட்சியான பெண் கூண்டில் ஏறி, நடந்தவற்றைத் தடுமாற்றமின்றிச் சொன்னார். குறுக்கு விசாரணையின்போது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு முதுகலை ஆய்வேட்டின் படியை வெளியே எடுத்தார். தாக்குதல் நடந்த மூன்றாம் வாரத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் அப்பெண்ணிடம் எடுத்த நேர்காணல் அதில் பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது. பெயரை மாற்றியிருந்தார்கள்; ஆனால் ஊர், தெரு, கணவரின் தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் அப்படியே இருந்தன. "ஊரில் இப்போது பிரச்சினை ஏதும் இல்லை, எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்" என்பது அவருடைய விடையாக அச்சாகியிருந்தது. "இதைச் சொன்னது நீங்கள்தானே?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"சொன்னேன் ஐயா. அன்னிக்கு அந்தத் தம்பியக் கூட்டிக்கிட்டு வந்ததே ஊர்த் தலைவரோட மகன்தான். அவரு பக்கத்துல நிக்கிறப்ப நான் வேற என்னத்தச் சொல்ல?" என்றார் அந்தப் பெண்.

அம்மாணவருக்குத் தீய நோக்கம் எதுவும் இருந்திருக்க வாய்ப்பில்லை. வினா நிரலை முறையாகத் தயாரித்திருந்தார்; ஒலிப்பதிவு செய்திருந்தார்; மாற்றுப்பெயரும் இட்டிருந்தார். அவர் எழுதத் தவறியது ஒரே ஒரு செய்தியைத்தான்: கேள்வி கேட்கப்பட்டபோது அருகில் யார் நின்றார் என்பதை. அந்த ஒரு வரி விடுபட்டதால், அச்சத்தில் பிறந்த ஒரு விடை ஆய்வுத் தரவாகி, பின்னர் அதே பெண்ணுக்கு எதிரான ஆயுதமாகவும் ஆனது.

இன்று சமூகப் பணி, சமூகவியல், சட்டம், இதழியல் பயிலும் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் நம் குடியிருப்புகளுக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு செல்வது பெருகியுள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் நேர்காணல் எளிமையான வேலை என்ற எண்ணமும் கூடவே வளர்ந்துள்ளது. நேர்காணல் என்பது ஒருவரிடம் இருக்கும் உண்மையை வாங்கிக்கொண்டு வருவதன்று. யார் கேட்கிறார், எங்கே கேட்கிறார், யார் செவிபட விடை சொல்லப்படுகிறது, சொன்ன பிறகு என்ன நேரும் என்பவற்றைப் பொறுத்து உருவாகும் ஒன்று அது. இவற்றைப் பதிவு செய்யாத நேர்காணல் பாதி நேர்காணலே. இக்கட்டுரையில் அம்முறையின் அடிப்படைகளை இந்தக் கோணத்திலிருந்தே தொகுத்துத் தருகிறோம்.

நேர்காணலும் அதன் வகைகளும்

சமூக அறிவியலில் அளவுசார் ஆய்வு என்றும் பண்புசார் ஆய்வு என்றும் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. எத்தனை பேர், எத்தனை விழுக்காடு என்பவை அளவுசார் ஆய்வின் வினாக்கள். எவ்வாறு நிகழ்கிறது, ஏன் நிகழ்கிறது, அனுபவித்தவர் அதற்கு என்ன பொருள் தருகிறார் என்பவை பண்புசார் ஆய்வின் வினாக்கள். ஒரு மாவட்டத்தில் எத்தனை தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை உள்ளது என்பதைக் கணக்கெடுப்பு சொல்லும். அக்கடை வாசலில் நின்று தேநீர் குடிப்பவர் தம் பத்து வயது மகனுக்கு அதை எப்படி விளக்குகிறார் என்பதை நேர்காணலே சொல்லும்.

நேர்காணலைப் பொதுவாக மூன்று வகைப்படுத்துவர். கட்டமைக்கப்பட்ட நேர்காணலில் அனைவரிடமும் ஒரே வினாக்கள், ஒரே வரிசையில், ஒரே சொற்களில் கேட்கப்படும். ஒப்பீட்டுக்கு இது உதவும். எதிர்பாராத செய்திக்கு இடம் தராது. பகுதி கட்டமைக்கப்பட்ட நேர்காணலில் பேச வேண்டிய பொருள்களின் பட்டியல் கையில் இருக்கும். வரிசையும் சொற்களும் உரையாடலின் போக்கில் அமையும். மாணவர் ஆய்வுகளுக்குப் பெரும்பாலும் பொருத்தமானது இதுவே. கட்டமைக்கப்படாத நேர்காணலில் ஓரிரு திறப்பு வினாக்களுக்குப் பின், பேசுபவரே பாதையை முடிவு செய்வார். வாழ்க்கை வரலாற்று நேர்காணலும் வாய்மொழி வரலாறும் இவ்வகையைச் சார்ந்தவை.

இவற்றோடு குழு உரையாடலும் உண்டு. ஆறு முதல் பத்துப் பேர் வரை அமர்ந்து ஒரு பொருள் பற்றிப் பேசுவது அதன் வடிவம். ஊரின் பொது வழக்கங்கள், கூலி விவரம், நிலத்தின் வரலாறு போன்றவற்றை அறிய இது நல்ல வழி. ஆனால் பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை, கடன், உட்சாதி வேறுபாடு ஆகியவை குழுவில் கேட்கத்தக்கவை அல்ல. அங்கே முதலில் பேசுபவர் பெரும்பாலும் ஆணாகவும் மூத்தவராகவும் இருப்பார். மற்றவர்கள் அவர் சொன்னதை ஒட்டியே பேசுவார்கள்.

நேர்காணல், காவல்துறை விசாரணையும் அன்று. விசாரணை அதிகாரி குற்றம் பற்றிய வாக்குமூலத்தைப் பதிவு செய்கிறார். அவரிடம் அதிகாரம் உண்டு, சட்டம் வரையறுத்த நோக்கம் உண்டு. உண்மையறியும் குழு ஒரு நிகழ்வை உறுதிப்படுத்தி நீதி கோரச் செல்கிறது. ஆய்வாளர் ஒரு வாழ்நிலையைப் புரிந்துகொள்ளச் செல்கிறார். மூவரும் ஒரே திண்ணையில் அமர்ந்து ஒரே பெண்ணிடம் பேசலாம். ஆனால் தாம் யார், எதற்காக வந்தோம் என்பதை மூவரும் வெவ்வேறாகச் சொல்லியாக வேண்டும். நம் தோழர்கள் பலர் ஒரே பயணத்தில் உண்மையறியும் குழு உறுப்பினராகவும் ஆய்வு மாணவராகவும் இருக்கிறார்கள். அப்போது குழப்பம் நேர்வது பேசுபவருக்கே: இவரிடம் சொன்னால் வழக்குப் பதிவாகுமா, நிவாரணம் வருமா, இல்லை புத்தகம்தான் வருமா என்று அவருக்குத் தெரியாமல் போகிறது.

வினாவை அமைத்தல்

"உங்கள் ஊரில் தீண்டாமை இருக்கிறதா?" என்று கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம்" என்ற விடை ஆதிக்கச் சாதித் தெருவிலும் கிடைக்கும், சில வேளை நம் தெருவிலும் கிடைக்கும். முன்னவருக்கு அது சட்டப்படி குற்றம் என்று தெரியும். பின்னவருக்கு அதை ஒப்புக்கொள்வது தன்மானத்தைக் காயப்படுத்தும். ஆகவே, கருத்தைக் கேட்கும் வினாவை விட நடைமுறையைக் கேட்கும் வினாவே பயன் தரும்.

2011–12ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு இதற்கு நல்ல சான்று. அது நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் எடுக்கப்பட்ட கட்டமைக்கப்பட்ட நேர்காணல். வீட்டில் யாரேனும் தீண்டாமையைக் கடைப்பிடிக்கிறார்களா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியினர் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ ஏற்பீர்களா என்று அடுத்துக் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஏதோ ஒரு வகையில் தீண்டாமையை ஒப்புக்கொண்டிருந்தன. முதல் வினாவோடு நின்றிருந்தால் சமையலறைக் கதவு வரை ஆய்வு சென்றிருக்காது.

குஜராத்தில் நவ்சர்ஜன் அமைப்பு 1,589 கிராமங்களில் ஆய்வு செய்து 2010இல் அறிக்கை வெளியிட்டபோது, தீண்டாமையை ஒரே சொல்லாக விட்டுவிடாமல் 98 நடைமுறைகளாகப் பிரித்துப் பட்டியலிட்டது. பட்டியல் நீண்டதால் மறுப்பதற்கான இடம் குறைந்தது.

தமிழ்நாட்டுச் சிற்றூரில் பணியாற்றும் மாணவர் இப்படித் தொடங்கலாம்: முடி வெட்டிக்கொள்ள எங்கே போவீர்கள்? தேர் உங்கள் தெருவுக்குள் வருமா, முனையிலேயே திரும்பிவிடுமா? இறந்தவரை எந்த வழியாக எடுத்துச் செல்வீர்கள்? ஊராட்சிக் கூட்டத்தில் உங்கள் வார்டு உறுப்பினர் எங்கே அமர்வார்? பள்ளியில் சத்துணவு சமைப்பவர் யார். அவர் சமைப்பதை எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்களா? இவ்வினாக்களில் தீண்டாமை என்ற சொல்லே வரவில்லை. விடைகளில் அது வரும்.

வேறு மூன்று விதிகளையும் நினைவில் கொள்ள வேண்டும். விடையை வாயில் ஊட்டும் வினாவைத் தவிர்க்க வேண்டும், "அவர்கள் உங்களைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள், இல்லையா?" என்பதை விட, "அப்போது என்ன சொன்னார்கள்?" என்பது மேல். ஒரே வினாவில் இரண்டைக் கேட்கக் கூடாது. "ஏன்" என்று தொடங்கும் வினாவைக் கடைசிக்குத் தள்ள வேண்டும். "ஏன் அன்றே புகார் கொடுக்கவில்லை?" என்பது கேட்பவருக்கு ஆய்வு வினா, கேட்கப்படுபவருக்கு அது குற்றச்சாட்டு. "அதன் பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டாலே காவல் நிலைய வாசலில் காத்திருந்த கதை வந்துவிடும்.

கேட்பவர் யார்?

கேட்பவரின் நிறமும் சாதியும் விடையை மாற்றும் என்பதற்கு ஆய்வுலகில் அடிக்கடி சுட்டப்படும் சான்று அமெரிக்க அடிமை முறையின் வரலாற்றில் கிடைக்கிறது. 1936 முதல் 1938 வரை, அரசின் எழுத்தாளர் திட்டத்தின்கீழ், அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்ற முதியவர்களிடம் நேர்காணல்கள் எடுக்கப்பட்டன. 2,300க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் நூறு வயதைக் கடந்த சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியிடம் 1937இல் இருவர் தனித்தனியே பேசினர். வெள்ளைப் பெண் ஒருவர் கேட்டபோது, தம் எசமானர் நல்லவர் என்றே அம்மூதாட்டி பேசினார். வந்தவரை நிவாரண அலுவலகத்தைச் சேர்ந்தவர் என்றும் எண்ணியிருந்தார். கறுப்பின ஆண் ஒருவர் கேட்டபோது, சவுக்கடிகளையும், தாயிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து விற்றதையும் சொன்னார். ஒரே வாய், ஒரே வாழ்க்கை, இரண்டு வரலாறுகள். முதல் பதிவு மட்டும் எஞ்சியிருந்தால், அடிமைகள் மனநிறைவோடு வாழ்ந்தார்கள் என்பதற்கு அது ஆதாரமாகியிருக்கும்.

நம் மண்ணின் சாதி ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். ஆந்த்ரே பெத்தேய் 1961–62இல் தஞ்சாவூர்ப் பகுதியில் ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயர் இட்ட ஊரில் களப்பணி செய்தார். தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் பார்ப்பனர்களோடு நெருக்கம் எளிதாயிற்று. சேரியோடு அதே அளவில் பழக இயலவில்லை. 1965இல் வெளிவந்த தம் நூலிலேயே அவர் இந்த வரம்பைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. தாம் தங்கிய தெரு எது என்று எழுதாத ஆய்வாளர்களின் நூல்களே நம்மை அதிகம் ஏமாற்றுகின்றன.

செங்கல்பட்டுப் பகுதியில் ஆய்வு செய்த இருவரை ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும். அங்குத் தாம் நிகழ்த்திய களப்பணியின் துணையோடு ஜோன் மென்ச்சர் 1974இல் எழுதிய கட்டுரையில், சாதி அமைப்பைத் தலைகீழாக, அடித்தளத்திலிருந்து பார்த்தால் அது சுரண்டலாகவே தெரிகிறது என்று வாதிட்டார். அதே பகுதியில் எண்டாவூர் என்ற ஊரை ஆய்ந்த மைக்கேல் மொஃபாட், தலித் மக்கள் தம்மை ஒதுக்கும் அமைப்பின் விழுமியங்களைத் தமக்குள்ளும் மறுபடைப்புச் செய்கிறார்கள், அவ்வகையில் அவர்களிடையே அவ்வமைப்புக்கு இசைவு உள்ளது என்று 1979இல் வெளியான நூலில் எழுதினார். மென்ச்சர் நிலத்தையும் கூலியையும் பற்றிக் கேட்டார். மொஃபாட் தெய்வங்களையும் சடங்குகளையும் உட்பிரிவுகளையும் பற்றிக் கேட்டார். எதைக் கேட்கிறோம் என்பது எதைக் காண்கிறோம் என்பதைத் தீர்மானித்தது.

அப்படியானால் தலித் ஆய்வாளர் கேட்டால் போதுமா? போதாது. நகரத்தில் படித்த தலித் இளைஞருக்கும் கழனியில் நாற்று நடும் தலித் பெண்ணுக்கும் இடையே வகுப்பு, பால், வயது, உட்சாதி ஆகிய இடைவெளிகள் உண்டு. "நம்ம ஆளு" என்ற நம்பிக்கை பல கதவுகளைத் திறக்கும். சில கதவுகளை மூடவும் செய்யும். "உனக்குத்தான் தெரியுமே தம்பி" என்று சொல்லி அவர் விட்டுவிடும் இடத்தில்தான் நாம் அறிய வேண்டியது இருக்கக்கூடும். தெரியும் என்று தலையாட்டாமல், "தெரியாதும்மா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்பது நல்ல நேர்காணலாளரின் பழக்கம். ஆய்வாளர் தம் சாதி, பால், வகுப்பு நிலை விடைகளை எப்படிப் பாதித்திருக்கும் என்று எழுதுவதைத் தன்னிலை ஆய்வு என்பர். அதை முன்னுரையில் ஒரு பத்தியாக முடித்துவிடாமல், ஒவ்வொரு நேர்காணலின் களக்குறிப்பிலும் எழுத வேண்டும்.

இடமும் நேரமும் உடனிருப்போரும்

ஊருக்குள் நுழையும் வழியே ஆய்வின் தன்மையைத் தீர்மானித்துவிடுகிறது. ஊராட்சித் தலைவரையோ கிராம நிர்வாக அலுவலரையோ முதலில் பார்த்துவிட்டுக் காலனிக்குச் செல்லும் குழுவை, அவர்களுடைய ஆட்களாகவே மக்கள் கருதுவார்கள். பண்ணை வீட்டில் மதிய உணவு உண்டுவிட்டு மாலையில் சேரிக்கு வருபவரிடம் கூலி பற்றிய உண்மை வராது.

நேரமும் முக்கியம். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் புறப்படும் பெண்ணிடம் பகல் பதினொரு மணிக்கு நேர்காணல் கேட்பது அவருடைய ஒரு நாள் கூலியைக் கேட்பதாகும். மாலை நேரத்தில் அவர் சமைத்துக்கொண்டே பேசுவார். அடுப்படியில் அமர்ந்து கேட்கப் பழக வேண்டும். ஆண்கள் சூழ்ந்து நிற்கும்போது பெண் சொல்வதும், தண்ணீர்க் குழாயடியில் சொல்வதும் ஒன்றல்ல. ஆந்திரம், பீகார், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு–புதுச்சேரி ஆகிய பகுதிகளில் 500 தலித் பெண்களின் வாக்குமூலங்களைக் கொண்டு அலாய்சியஸ் இருதயம், ஜெயஸ்ரீ மங்குபாய், ஜோயல் லீ ஆகியோர் மேற்கொண்ட ஆய்வு, பெண்கள் தாமே பேசுவதற்கான சூழலை உருவாக்கினால் வீட்டுக்கு வெளியே நிகழும் வன்முறையும் வீட்டுக்குள் நிகழும் வன்முறையும் சேர்ந்தே வெளிப்படும் என்பதைக் காட்டியது.

எத்தனை பேரிடம் பேசுவது?

மாணவர்கள் எங்களிடம் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. பண்புசார் ஆய்வில் எண்ணிக்கைக்கு நிலையான விதி இல்லை. கிளேசர், ஸ்ட்ராஸ் ஆகிய இருவரும் 1967இல் முன்வைத்த நிறைவுநிலை என்னும் கருத்தே பொதுவான அளவுகோல்: புதிய நேர்காணல்கள் புதிய கருத்து எதையும் தராத நிலையில் நிறுத்தலாம். கானாவிலும் நைஜீரியாவிலும் 60 பெண்களிடம் எடுத்த நேர்காணல்களை மறு ஆய்வு செய்த ஒரு கட்டுரை, முதல் பன்னிரண்டிலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாக 2006இல் கூறியது. அதைக் காட்டிப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வேடுகளைப் பார்க்கிறோம். அந்த முடிவு ஒரே தன்மையுள்ள குழுவுக்கே பொருந்தும். பறையர், பள்ளர், அருந்ததியர், புதிரை வண்ணார் ஆகியோர் வாழும் ஊரில் ஒரு தெருவில் மட்டும் பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டு "தலித் மக்கள் கருதுகிறார்கள்" என்று எழுதுவது பிழை.

ஒருவர் இன்னொருவரைச் சுட்ட, அவர் மற்றொருவரைச் சுட்ட விரியும் பனிப்பந்து முறையிலும் இந்த ஆபத்து உண்டு. முதலில் சந்திப்பவர் இயக்கப் பொறுப்பாளராக இருந்தால், அவர் காட்டும் பத்துப் பேரும் இயக்கத்தோடு தொடர்புள்ளவர்களாகவே இருப்பார்கள். யாரும் பெயர் சொல்லாத வீட்டுக்கும் ஒரு முறை போய்வர வேண்டும்.

மௌனமும் நினைவும் சிரிப்பும்

நேர்காணலில் விழும் மௌனத்தைக் கேள்வியால் நிரப்பிவிடக் கூடாது. வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய தாக்குதலில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அரசு இயந்திரமே எதிர்நின்ற நிலையில் அப்பழங்குடிப் பெண்கள் தம் வாக்குமூலத்தை ஆண்டுக்கணக்கில் வெவ்வேறு அமைப்புகளின்முன் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முதல் வாக்குமூலத்திலிருந்து தீர்ப்பு வரையிலான 19 ஆண்டுகளில் ஒரே துயரத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வோர் ஆய்வாளரும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஆணையத்திடமும் நீதிமன்றத்திடமும் சொல்லிப் பதிவானதை ஆய்வேட்டுக்காக மறுபடி சொல்லச் செய்வது தேவையா? ஆவணத்தில் கிடைப்பதை ஆவணத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

நினைவு பிழைபடுவதும் பயனற்றதன்று. இத்தாலியின் டெர்னி நகரில் லூயிஜி திரஸ்துல்லி என்ற உருக்காலைத் தொழிலாளி 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் காவல்துறையால் கொல்லப்பட்டார். பிற்காலத்தில் வாய்மொழி வரலாற்றாளர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி கேட்டபோது, 1953இன் ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தில்தான் அவர் இறந்தார் என்று தொழிலாளர்கள் பலர் சொன்னார்கள். தேதி தவறு. ஆனால் வேலை பறிபோன காயத்தோடு தோழனின் மரணத்தை அவர்கள் இணைத்துக்கொண்டார்கள் என்பதே போர்த்தெல்லி கண்ட உண்மை. ஆய்வாளருக்கு இது செல்வம். நீதிமன்றத்திலோ இதே தவறு "முரண்பாடு" என்ற பெயரில் சாட்சியை வீழ்த்தும். ஒரே நேர்காணல் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக மதிப்பிடப்படும் என்பதை மறக்கக் கூடாது.

புதுச்சேரிக்கு அருகில் வாழ்ந்த விவசாயத் தொழிலாளியான விராம்மாவுடன் ஜோசியான் ரசீன் பத்தாண்டுகள் தமிழில் உரையாடிப் பதிவு செய்தார். 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் அது நூலானது. துயரத்தோடு சிரிப்பும் கேலியும் பாட்டும் அந்த வாழ்க்கையில் இருந்தன. பத்தாண்டுப் பழக்கம் இன்றி அவை வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே. மராத்தியில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் அம்பேத்கர் இயக்கப் பெண்களைத் தேடிச் சென்று நேர்காணல் எடுத்து 1989இல் நூலாக்கினார்கள். பெண்கள் பார்வையாளர்களாக அல்லாமல் வரலாற்றைப் படைத்தவர்களாக அதில் பேசுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் என்ற ஒரே கட்டத்துக்குள் நம் மக்களை அடைக்கும் வினாக்களிலிருந்து இத்தகைய நூல்கள் பிறந்திருக்க முடியாது.

பதிவு செய்தலும் எழுத்தாக்கமும்

ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்பதும், அனுமதித்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று சொல்வதும் கட்டாயம். கருவியை நிறுத்திய பிறகு சொல்லப்படுவதைப் பலரும் பொன்னாகக் கருதி எழுதிவிடுகிறார்கள். அதைப் பயன்படுத்தலாமா என்று மறுபடி கேட்க வேண்டும்.

எழுத்தாக்கத்தில் பேச்சு வழக்கைத் திருத்தக் கூடாது. "எங்களைத் தெருவுல வுட மாட்டாங்க" என்று சொன்னதை "பொதுப்பாதையில் செல்ல அனுமதி மறுக்கப்படுகிறது" என்று மாற்றினால், சொன்னவர் மறைந்து மனு எழுதுபவர் வந்துவிடுகிறார். தயக்கம், சிரிப்பு, அழுகை, குரல் தாழ்ந்த இடம், அப்போது யாரேனும் வந்து நின்றது ஆகியவற்றை அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். பின்னர் எழுத்தாக்கத்தைப் பலமுறை படித்து, திரும்பத் திரும்ப வரும் பொருள்களுக்குக் குறியிட்டு, அக்குறிகளைத் தொகுத்துக் கருப்பொருள்களாக்குவது பகுப்பாய்வின் தொடக்கம். நம் கருத்துக்கு மாறான விடைகளுக்கும் குறியிட வேண்டும். அவற்றை விலக்கினால் அது பரப்புரையாகிவிடும். எதிரி அதை எளிதில் உடைத்துவிடுவார்.

ஒப்புதல், இரகசியம், சட்டம்

தகவலறிந்த ஒப்புதல் என்பது படிவத்தில் பெருவிரல் ரேகை வாங்குவதன்று. வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காகிதத்தைக் கண்டதும் அவர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. என்ன ஆய்வு, எங்கே வெளிவரும், யார் படிப்பார்கள், இதனால் பண உதவியோ வேலையோ கிடைக்காது என்பவற்றை அவர்கள் மொழியில் சொல்லி, அந்த ஒப்புதலை ஒலிப்பதிவாகவே பெறலாம்.

சட்டம் சார்ந்து ஐந்து செய்திகளைத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒன்று, வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆய்வாளரிடம் சொல்வதற்கு இல்லை. நீதிமன்றம் கேட்டால் பதிவுகளை ஒப்படைக்க நேரலாம். வட அயர்லாந்து ஆயுதக் குழுக்களின் முன்னாள் உறுப்பினர்களிடம், அவர்கள் இறக்கும் வரை வெளியிட மாட்டோம் என்ற உறுதியோடு பாஸ்டன் கல்லூரி திட்டம் ஒன்றில் எடுக்கப்பட்ட நேர்காணல்களை, 2011இல் தொடங்கிய சட்ட நடவடிக்கைகளின் மூலம் பிரித்தானியக் காவல்துறை கோரியது; ஒரு பகுதி ஒப்படைக்கப்பட்டது. காக்க முடியாத உறுதியைத் தரக் கூடாது.

இரண்டு, எழுத்தில் உள்ள முந்தைய கூற்றைக் கொண்டு ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இந்திய சாட்சியச் சட்டத்தின் 145ஆம் பிரிவு வழிவகுத்தது. அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமம், 2023 இதைத் தொடர்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது சாட்சியிடம் சம்பவம் பற்றி நேர்காணல் எடுப்பதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். எடுத்தே ஆக வேண்டுமெனில் அவருடைய வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். மூன்று, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். பெயரை மாற்றினால் போதாது. ஊர், உறவு, தொழில் ஆகியவற்றால் ஆளை அறிய முடிந்தாலும் அது அடையாளத்தை வெளியிடுவதே. நான்கு, குழந்தை ஒன்று பாலியல் குற்றத்துக்கு ஆளானதை அறிந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி ஆய்வாளரும் தகவல் தரக் கடமைப்பட்டவர். எனவே குழந்தைகளிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று உறுதி தர இயலாது.

ஐந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புப் பெறும் உரிமையைத் தருகிறது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய வழக்கு ஆவணங்களில் சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்கவும் சிறப்பு நீதிமன்றத்துக்கு வழி செய்கிறது. நீதிமன்றமே மறைக்கும் ஒன்றை ஆய்வேட்டின் பின்னிணைப்பு வெளியிடுவது அறமாகாது.

திருப்பிக் கொடுத்தல்

தமிழில் வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் "கேள்" என்பதே வினைச்சொல். குறளில் "கேள்வி" என்று தலைப்பிட்ட அதிகாரம் வினவுவதைப் பற்றியதன்று, கேட்டறிவதைப் பற்றியது. நம் கல்லூரிகளில் கற்றுத்தரப்படுவது பெரும்பாலும் முதல் பொருள் மட்டுமே.

எழுதி முடித்ததை மீண்டும் ஊருக்கு எடுத்துச் சென்று, பேசியவரிடம் அவருடைய பகுதியைப் படித்துக் காட்டுவது கேட்டலின் கடைசிப் படி. "இதை எடுத்துரு தம்பி" என்று அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும். ஆய்வு முடிந்த பின் படிகளை ஊர் நூலகத்துக்கோ படிப்பகத்துக்கோ தர வேண்டும். கூலி, நிலம், பாதை பற்றிய விவரங்கள் அடுத்த மனுவுக்குப் பயன்படும். நாங்கள் தொடக்கத்தில் குறிப்பிட்ட பெண், தம்மைப் பற்றி ஆய்வேடு ஒன்று இருப்பதையே நீதிமன்றக் கூண்டில் நின்றபோதுதான் அறிந்தார். ஒருமுறை படித்துக் காட்டியிருந்தால் அந்தத் தவறான வரி அன்றே நீங்கியிருக்கும்.

அடுத்த முறை களக்குறிப்பேட்டைத் திறக்கும் தோழர்கள், முதல் வினாவை எழுதுவதற்கு முன் மூன்று விடைகளை எழுதிக்கொள்ளட்டும்: நம்மை இங்கே அழைத்து வந்தது யார்? அருகில் நிற்பது யார்? நாம் போன பிறகு இவருக்கு என்ன நேரும்?